பங்களாவுக்கு வந்துபோகும் 'கர்னல்' உண்மையானவர்தானா? பவர் எழுதிக் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி இது: குன்னூரில் பெரியப்பாவும் பெரியம்மாவும் பழைய பங்களாவில் தனியாக இருக்கிறார்கள், பிள்ளைகள் வெளிநாட்டில். கிளப்பில் அறிமுகமான ஒருவர் சில மாதங்களாக வீட்டுக்கு வந்துபோகிறார். ஓய்வுபெற்ற ராணுவ கர்னல் என்கிறார், வடக்கே ஒரு சமஸ்தானக் குடும்பத்துக்கு உறவு என்கிறார். இப்போது கெஸ்ட் ரூமிலேயே தங்குகிறார். பங்களாவை ஹெரிட்டேஜ் ரிசார்ட்டாக மாற்றித் தருகிறேன், பவர் (அவர் சார்பில் சொத்தைக் கையாளும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். இவர் யார் என்று எப்படித் தெரிந்துகொள்வது, தெரிந்தால் என்ன செய்வது?

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் யார் என்று தெரியும் முன்பே பவரை நிறுத்திவைக்க முடியும். "எந்தப் பத்திரமானாலும் பிள்ளைகள் வந்து பார்த்த பிறகுதான் கையெழுத்து" என்று பெரியப்பா ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். நேர்மையான ஆளுக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை, காத்திருப்பார். காத்திருக்க முடியாது என்பதற்கு அவர் என்ன காரணம் சொல்கிறார் என்று கவனியுங்கள். முதலீட்டாளர் திங்கட்கிழமை கிளம்புகிறார், அரசாணை மாறப்போகிறது, இந்த வாரம் விட்டால் அனுமதி கிடைக்காது என்ற வகையில் வந்தால் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

இந்த மாதிரி ஆட்கள் பெரிய வீடுகளுக்குள் நுழைவது பொய்யின் பலத்தால் என்று பலரும் நினைக்கிறார்கள். அறிமுகத்தின் பலத்தால்தான் நுழைகிறார்கள். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி பங்களா வீடுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று தெரிந்தவை. கிளப், சர்ச், வெலிங்டன், கோல்ஃப் மைதானம், எஸ்டேட் உறவு என்று நாலைந்து இடங்களில் அதே முகங்கள். கிளப்பில் பார்த்தவர், நண்பர் அழைத்து வந்தவராயிற்றே என்று விசாரிக்கவில்லை. நண்பர், சர்ச்சில் எல்லோரோடும் பழகுகிறாரே என்று விசாரிக்கவில்லை. சர்ச்சில் இருந்தவர்கள், கிளப்புக்குப் போகிறவர்தானே என்று விட்டுவிட்டார்கள். சுற்றி வந்து பார்த்தால் ஒருவர்கூட விசாரித்திருக்க மாட்டார். ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டின் நம்பிக்கையைக் கடன் வாங்கியிருக்கும். ஆகவே "இவரை யாருக்குத் தெரியும்" என்று கேட்டால் பத்துப் பேர் கை தூக்குவார்கள், அதனால் பயனில்லை. "இங்கே இவரை முதலில் பார்த்தது யார், எப்படி" என்று பின்னோக்கிப் போங்கள். பெரியப்பாவுக்கு அறிமுகப்படுத்தியவரிடம் கேளுங்கள், அவருக்கு அறிமுகப்படுத்தியவரிடம் கேளுங்கள். மூன்று நான்கு கைகளுக்குள் முதல் ஆளுக்கு வந்துவிடுவீர்கள். உண்மையானவர் என்றால் அந்த முதல் ஆள் அவரைப் படித்த இடத்திலோ வேலை பார்த்த இடத்திலோ தெரிந்தவராக இருப்பார். போலி என்றால் அங்கே ஒரு தற்செயல் சந்திப்புதான் இருக்கும்: ரயிலில் எதிர் சீட்டு, பேக்கரியில் பேச்சு, வழியில் நின்றுபோன கார்.

1983-ல் நியூயார்க்கில் டேவிட் ஹாம்ப்டன் என்ற இளைஞர், நடிகர் சிட்னி பொய்ட்டியேவின் மகன் என்று சொல்லிப் பணக்கார வீடுகளுக்குள் போனார். வழிப்பறியில் எல்லாம் போய்விட்டது, உங்கள் பிள்ளைகள் என் நண்பர்கள் என்பது கதை. வீடுகளின் விவரம் கிடைத்தது ஒரு மாணவரின் முகவரிப் புத்தகத்திலிருந்து. படித்தவர்கள், பெரிய பதவியில் இருந்தவர்கள் படுக்கை கொடுத்தார்கள், பணம் கொடுத்தார்கள். பொய்ட்டியேவுக்கு மகனே கிடையாது, ஆறும் பெண்கள். பிரபலமான மனிதரின் குடும்பம், யாரைக் கேட்டாலும் தெரிந்திருக்கும். கேட்பது மரியாதைக் குறைவு என்று தோன்றியதால்தான் அத்தனை வீடுகளும் ஏமாந்தன.

இன்னொரு பழைய வழக்கு உங்கள் பெரியம்மாவைப் புரிந்துகொள்ள உதவும். இங்கிலாந்தில் டிச்போர்ன் குடும்பத்து வாரிசு ரோஜர் 1854-ல் கப்பலோடு காணாமல் போனார். பன்னிரண்டு ஆண்டு கழித்து ஆஸ்திரேலியாவில் ஒரு கசாப்புக்காரர் நான்தான் ரோஜர் என்றார். ரோஜர் பிரெஞ்சு பேசி வளர்ந்தவர். இவருக்கு பிரெஞ்சு ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் பெற்ற தாய் ஏற்றுக்கொண்டார். அந்தத் தாய் முட்டாள் அல்ல, பிள்ளை திரும்பி வர வேண்டும் என்று அத்தனை வருடம் ஏங்கியவர். கடைசியில் 1874-ல் அந்த ஆளுக்குப் பதினான்கு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஏங்கிக் கிடக்கும் மனதுக்கு எதிரில் ஆதாரம் மெதுவாகத்தான் வேலை செய்யும். குன்னூரில் மே மாத சீசன் முடிந்து கூட்டம் இறங்கிப் போனபின், ஜூனிலிருந்து மழையும் மூடுபனியும். நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். பேச ஆள் இல்லாத வீட்டில் தினம் வந்து உட்கார்ந்து, பழைய கதை கேட்கிற ஒருவர் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை வெளியூரில் இருக்கிற பிள்ளைகள் குறைத்து எடைபோடுகிறார்கள்.

அவர் கேட்கிற விதத்தையும் பாருங்கள். வரவேற்பறையில் லவ்டேல் லாரன்ஸ் பள்ளி குரூப் போட்டோ மாட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "நீங்க லாரன்ஸா?" என்று கேட்க மாட்டார். "அந்தக் காலத்துல லவ்டேல் குளிர்ல காலையில பி.டி. எப்படித்தான் பண்ணீங்களோ அங்கிள்" என்பார். பெரியப்பா அரை மணி நேரம் பேசுவார், ஆசிரியர் பெயர், விடுதி பெயர், சண்டை போட்ட பையன் பெயர் எல்லாம் வரும். இரண்டு வாரம் கழித்து வேறொரு பங்களாவில் அதே பெயர்கள் அவருடைய சொந்த ஞாபகமாகப் பேசப்படும். டிரைவரிடமிருந்தும், மருந்துக்கடையிலிருந்தும், சர்ச் சுவரில் பதித்த கல்வெட்டிலிருந்தும், நாளிதழின் நினைவஞ்சலி விளம்பரத்திலிருந்தும், பேத்தி ஃபேஸ்புக்கில் போட்ட படத்திலிருந்தும் மீதி கிடைத்துவிடும். அவருக்கு உங்கள் குடும்பத்தைப் பற்றி நிறையத் தெரிகிறது என்பது எதற்கும் சாட்சி அல்ல. தன்னைப் பற்றி அவர் சொன்னவற்றில் எத்தனையை வெளியே ஒருவரிடம் கேட்டு உறுதிசெய்ய முடியும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவாக இருக்கும்.

இனி ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சோதிக்கலாம்.

ராணுவம் என்று சொல்லிக்கொண்டு குன்னூரில் ஏமாற்றுவதற்குத் துணிச்சல் வேண்டும், ஏனென்றால் பக்கத்திலேயே வெலிங்டன். முப்படைப் பணியாளர் கல்லூரியும் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் அங்கே இருக்கின்றன, ஓய்வுபெற்ற அதிகாரிகள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். அட்டையைக் காட்டச் சொல்லிச் சங்கடப்பட வேண்டாம். நிஜமான ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவரை டீக்கு அழைத்து இருவரையும் பேச விடுங்கள். எந்த ஆண்டு கமிஷன் (அதிகாரியாக நியமனம்), கடக்வாஸ்லா என்.டி.ஏ. வழியா, நேரே டேராடூனா, சென்னை ஓ.டி.ஏ.வா (மூன்றும் அதிகாரிகளுக்கான பயிற்சி அகாடமிகள்), எத்தனையாவது கோர்ஸ், முதல் யூனிட் எது, அப்போது சி.ஓ. (யூனிட்டின் தலைமை அதிகாரி) யார்: இவை அந்த வட்டத்தில் சாதாரணமான நலம் விசாரிப்பு, நிஜமானவர் நினைத்துப் பார்க்காமல் சொல்வார். ஒவ்வொரு அதிகாரிக்கும் தனி எண் உண்டு. நிரந்தர கமிஷன் என்றால் ஐ.சி. என்றும் குறுகிய காலப் பணி என்றால் எஸ்.எஸ். என்றும் தொடங்கும், கடைசியில் ஓர் எழுத்து இருக்கும். ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ., மருத்துவத்துக்கான இ.சி.ஹெச்.எஸ். அட்டை, கேன்டீன் அட்டை மூன்றில் ஒன்றுகூட அன்றாடத்தில் கண்ணில் படாத கர்னல் அபூர்வம். "ரகசியப் பிரிவில் இருந்தேன், யூனிட் சொல்லக்கூடாது" என்ற பதில் வந்தால் அதை நம்ப வேண்டாம். கடைசியாகப் பார்த்த வேலை ரகசியமாக இருக்கலாம், பயிற்சி பெற்ற கோர்ஸ் ரகசியம் அல்ல. ஊட்டியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது, அங்கேயும் கேட்கலாம்.

அரச குடும்பம் என்பது இந்த மலையில் எளிதாக எடுபடுவதற்குக் காரணம் உண்டு. ஊட்டியில் மைசூர் மகாராஜாவின் ஃபெர்ன்ஹில் அரண்மனை இருக்கிறது, ஜோத்பூர் மகாராஜாவின் ஆரன்மோர் அரண்மனைதான் இன்றைய தமிழகம் விருந்தினர் மாளிகை. கோடையில் சமஸ்தானங்கள் இங்கே வந்து தங்கிய ஊர் என்பதால் "எங்கள் தாத்தா காலத்தில் இங்கே எங்களுக்கு ஒரு வீடு இருந்தது" என்ற வாக்கியம் சட்டென்று நம்பும்படி இருக்கிறது. ஆனால் 1971-ல் 26-வது அரசியல் சட்டத் திருத்தம் மன்னர்களுக்கான அங்கீகாரத்தையும் மானியத்தையும் நீக்கிவிட்டது. இன்று இளவரசர் என்று அரசு தரும் சான்று எதுவும் கிடையாது. முத்திரை போட்ட கடிதத்தாள், மோதிரம், பழைய போட்டோ எதையும் அச்சடிக்கலாம், வாங்கலாம். அந்தக் குடும்பங்களுக்கு இன்றும் அலுவலகமோ அறக்கட்டளையோ ஹோட்டல் நிர்வாகமோ இருக்கும். அதன் எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிடுங்கள், அவர் கொடுக்கும் எண்ணைக் கூப்பிடாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பணியில் இருக்கும் ஐ.ஏ.எஸ். என்றால் மத்தியப் பணியாளர் துறையின் சிவில் லிஸ்டில் பெயர், பேட்ச், கேடர் இருக்கும், இணையத்திலேயே பார்க்கலாம். டாக்டர் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில் அல்லது தேசியப் பதிவேட்டில் பதிவெண். வக்கீல் என்றால் பார் கவுன்சில் பதிவெண், தமிழ்நாட்டில் எம்.எஸ். என்று தொடங்கி ஆண்டோடு முடியும். ஆடிட்டர் கையெழுத்திட்ட சான்றிதழில் யு.டி.ஐ.என். என்ற 18 இலக்க அடையாள எண் இருக்க வேண்டும், அதை ஆடிட்டர்கள் அமைப்பான ஐ.சி.ஏ.ஐ. தளத்தில் போட்டால் உண்மையா என்று தெரியும். கம்பெனி இயக்குநர் என்றால் மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ. தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டு இயக்குநர் பட்டியலைப் பாருங்கள். கிளப்பில் விருந்தினராக வந்தவர் என்றால் எந்தக் கிளப்பின் அறிமுகக் கடிதத்தில் வந்தார் என்று செயலரிடம் கேளுங்கள், பிறகு அந்தக் கிளப்புக்கு ஒரு போன் போடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை என்று சொன்னால், அவரைத் தங்கவைத்த விவரத்தை 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் தளத்தில் பதிய வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. பாஸ்போர்ட்டைக் கேட்பதற்கு இது நல்ல காரணமும்கூட.

வெளிநாட்டு அறக்கட்டளை கோடிக்கணக்கில் நன்கொடை அனுப்பப் போகிறது, உங்கள் டிரஸ்ட் கணக்கில் வாங்கித் தாருங்கள், கமிஷன் உங்களுக்கு என்ற கதையும் எஸ்டேட் வீடுகளுக்கு வரும். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்.சி.ஆர்.ஏ.வின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் முதலில் வர முடியும், அதற்கும் உள்துறை அமைச்சகப் பதிவு வேண்டும். வேறு எந்தக் கணக்கைச் சொன்னாலும் பொய். கோபுரக் கலசம், இரிடியம், அரிசி இழுக்கும் செம்பு, ரிசர்வ் வங்கியில் விடுவிக்கக் காத்திருக்கும் பணம் என்று பேச்சு போனால் விசாரிக்கவே வேண்டாம், அத்தனையும் மோசடி.

இப்போது பவர். இதில்தான் உங்கள் பெரியப்பா நிஜமாக நஷ்டப்படுவார், அதனால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அசையாச் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் தரும் பொது அதிகார ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். 2023 ஜூலையிலிருந்து குடும்பத்தில் இல்லாத வெளியாளுக்குப் பவர் கொடுத்தால் பதிவுக் கட்டணம் சொத்தின் சந்தை மதிப்பில் 1 சதவீதம். குன்னூர் பங்களாவுக்கு அது பெரிய தொகை. அதனால் அவர் வேறு பாதை சொல்வார்: "நோட்டரி போதும் அங்கிள், எம்.ஓ.யூ. (புரிந்துணர்வு ஒப்பந்தம்) போட்டுக்கலாம், எதுக்கு வீண் செலவு." நோட்டரித் தாளை வைத்து வீட்டை விற்க முடியாதுதான். ஆனால் அதைக் காட்டி இன்னொருவரிடம் முன்பணம் வாங்க முடியும், உள்ளே ஆள் வைக்க முடியும், பிறகு முன்சீப் கோர்ட்டில் தடை உத்தரவு கேட்டு வருடக்கணக்கில் இழுக்க முடியும். ரிசார்ட் என்று சொல்லி வரும் பல ஒப்பந்தங்களில் நோக்கம் விற்பது அல்ல, அந்தத் தாளைக் காட்டி வேறு நாலு பேரிடம் பணம் வாங்குவது. அப்போது ஏமாந்த நாலு பேரும் உங்கள் பெரியப்பா வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள்.

பவர் வரைவு கையில் கிடைத்தால் இரண்டு வாசகங்களைத் தேடுங்கள். "பிரதிபலன் பெற்றுக்கொண்டு" என்று இருக்கிறதா, "இந்த அதிகாரத்தை ரத்து செய்ய இயலாது" என்று இருக்கிறதா. சாதாரண பவரை எழுதிக் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், எழுதியவர் இறந்தால் அது தானாக முடிந்துவிடும். ஆனால் முகவருக்கு அந்தச் சொத்தில் பங்கு உண்டு என்று காட்டிவிட்டால் ஒப்பந்தச் சட்டம் 202-வது பிரிவைக் காட்டி ரத்தை எதிர்க்கலாம். பெரியப்பா ஒரு ரூபாய்கூட வாங்காமல் பத்து லட்சம் வாங்கியதாக வரைவில் எழுதியிருந்தால் அது இதற்காகத்தான். பவரைவிட ஆபத்து, சொத்தைத் தானமாக எழுதிக் கொடுக்கும் செட்டில்மென்ட் பத்திரம். பதிந்து ஏற்றுக்கொள்ளப்பட்ட தானத்தை எழுதியவர் தன்னிச்சையாகத் திரும்பப் பெற முடியாது. உயில் அவ்வளவு பயமில்லை, உயிரோடு இருக்கும்வரை மாற்றி எழுதலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும் பதிவு கட்டாயம். பவர் மூலம் வாங்கினால் உரிமை வந்துவிடாது, பதிவான கிரயப் பத்திரம் வேண்டும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

அவர் தரும் வாக்குறுதியையும் சோதித்துப் பாருங்கள். நீலகிரியில் ஹாக்கா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குள் வரும் கிராமங்களில் கட்டடம் கட்ட அதன் அனுமதி வேண்டும். வீட்டை விடுதியாக்க உள்ளாட்சி அனுமதி, தீயணைப்புச் சான்று எல்லாம் தனி. "செயலர் என் பேட்ச்மேட், ஒரே வாரத்தில் வாங்கித் தருகிறேன்" என்பவர் ஒரு விண்ணப்ப எண்கூடக் காட்ட மாட்டார். செல்வாக்கு இங்கே எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதே நீலகிரியின் சீகூர் பகுதியைப் பாருங்கள். யானை வழித்தடத்தில் இருந்த ரிசார்ட்டுகள் 2018-ல் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் சீல் வைக்கப்பட்டன, 2020 அக்டோபரில் வழித்தட அறிவிப்பையும் அதே நீதிமன்றம் உறுதிசெய்தது. கூடலூர் பக்கம் நிலம் வாங்கித் தருகிறேன் என்று ஆசை காட்டினால், அது 1969 ஜன்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவு நிலமா என்று கேளுங்கள். பட்டா இல்லாமல் பல பத்தாண்டுகளாக வழக்கில் கிடக்கும் நிலங்கள் அவை, எந்தக் கர்னலாலும் பட்டா வாங்கித் தர முடியாது.

வீட்டுக்குள் உடனே செய்ய வேண்டியவை சில. மூலப் பத்திரங்களை வங்கி லாக்கருக்கு மாற்றுங்கள், சாவி பிள்ளைகளில் ஒருவரிடம். ஆதார், பான், பத்திர நகல் எதைக் கொடுத்திருந்தாலும் தேதியோடு குறித்துவையுங்கள். இனி கொடுக்கும் ஒவ்வொரு ஜெராக்ஸிலும் எழுத்துகளின் மேலேயே படும்படி குறுக்காக "இன்ன காரியத்துக்கு மட்டும்" என்று தேதி போட்டு எழுதுங்கள். ஓரத்தில் எழுதினால் மறைத்துவிட்டு மறுபடி ஜெராக்ஸ் எடுத்துவிடுவார்கள். அவருடைய ஆதார் முகவரி பங்களாவுக்கு மாறிவிடாமல் பாருங்கள். 2023-லிருந்து குடும்பத் தலைவரின் ஒப்புதலோடு முகவரி மாற்றும் வசதி இருக்கிறது, பெரியப்பா போனுக்கு ஒரு கோரிக்கையும் ஓ.டி.பி.யும் வரும், "சும்மா ஒரு அப்ரூவல்" என்று வாங்கிவிடுவார்கள். முகவரி வந்தால் கேஸ், வங்கிக் கணக்கு, சிம் எல்லாம் வரிசையாக வரும். பராமரிப்பாளராகவோ வேலையாளாகவோ நீண்ட நாள் தங்குபவருக்குச் சொத்தில் உரிமை வராது என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் மரியா மார்கரிடா வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனால் வாடகை மாதிரி ஏதாவது ஒரு தொகையை அவர் கணக்கிலிருந்து பெரியப்பா கணக்குக்கு அனுப்பத் தொடங்கினால் வாடகைதாரர் என்று வாதம் எழும். அப்படி வந்த பணத்தை உடனே திருப்பி அனுப்புங்கள்.

பழைய பங்களாக்களில் பணத்தைவிடப் பொருள்தான் முதலில் போகும். ரோஸ்வுட் மேஜை, வெள்ளிப் பாத்திரம், தஞ்சாவூர் படம், வெண்கலச் சிலை, சுவர்க் கடிகாரம். "லண்டன் ஏலத்தில் மதிப்பு கேட்டுச் சொல்கிறேன்" என்று ஒன்றிரண்டை எடுத்துப்போவார், ஒன்றைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்து நம்பிக்கை வளர்ப்பார். நூறாண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள் என்றால் 1972 தொல்பொருள் சட்டத்தின் கீழ் தனியார் ஏற்றுமதி செய்யவே முடியாது, வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். ஆகவே லண்டன் ஏலம் என்பதே சட்டவிரோதம். அறை அறையாகக் கதவிலிருந்து தொடங்கி வீடியோ எடுத்துவையுங்கள், ஒவ்வொரு பொருளையும் அளவுகோல் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுங்கள். பிறகு காணாமல் போனால் போலீஸில் கொடுக்க இது ஒன்றுதான் உருப்படியான ஆதாரம்.

கைமாற்று கேட்டால் ரொக்கம் வேண்டவே வேண்டாம். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகக் கடன் வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடுக்கிறது, அதைச் சொல்லியே மறுக்கலாம். வங்கி வழியாகப் போனால் குறிப்பில் "கடன்" என்று போடுங்கள். கொடுத்ததற்குப் புரோநோட்டு இருந்தால் மூன்றாண்டுக்குள் வழக்குப் போட வேண்டும்.

பெரியப்பாவிடம் எப்படிப் பேசுவது என்பதில்தான் பல குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன. "அவன் ஃப்ராடு" என்று ஆரம்பித்தால் பேச்சு முடிந்தது. அவருடைய நண்பரை மட்டுமல்ல, அவருடைய புத்தியையும் நீங்கள் குறை சொன்னதாகிவிடும். அந்த ஆளும் இதற்குத் தயாராக இருப்பார், "சொத்துக்காகத்தான் உங்க பசங்க என் மேல சந்தேகப்படுவாங்க, பாருங்க" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார். பெரியப்பாவையே விசாரிக்கிறவராக ஆக்குங்கள். "பெரியப்பா, ரிசார்ட் யோசனை நல்லாத்தான் இருக்கு. முதலீட்டாளர் யாரு, கம்பெனி பேரு என்ன, அப்ளிகேஷன் நம்பர் என்னன்னு கேட்டு வாங்கிக் கொடுங்க, நம்ம வக்கீல்கிட்ட காட்டிடலாம்." அவர் கேட்டு, பதில் வராமல், மறுபடி கேட்டு, அந்த ஆள் எரிச்சல்படுவதை அவரே பார்க்கட்டும். பெரியம்மாவிடம் தனியாகப் பேசுங்கள், பெரும்பாலும் அவருக்கு ஏற்கெனவே ஒரு உறுத்தல் இருக்கும். சமையல்காரம்மா, வாட்ச்மேன், டிரைவர் மூன்று பேரிடமும் பேசுங்கள். விருந்தாளி பெட்டியில் என்ன கொண்டுவந்தார், யாரிடம் போனில் என்ன மொழியில் பேசுகிறார், பில் வந்தால் எப்படி நழுவுகிறார் என்பதை அவர்கள்தான் பார்த்திருப்பார்கள். வேலைக்காரர்களிடம் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்பதும் அங்கேதான் தெரியும். அதோடு, அவர் வந்து நிரப்பிய தனிமையை நீங்கள் நிரப்பாவிட்டால் அடுத்தவர் வருவார். தினமும் ஒரு வீடியோ அழைப்பு, மாதம் ஒரு தடவை யாராவது நேரில் போய் நாலு நாள் தங்குவது என்று ஏற்பாடு செய்யுங்கள்.

சந்தேகத்தை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டோவோடு போடாதீர்கள், அவதூறு வழக்கு உங்கள்மேல் திரும்பும். அறையில் பூட்டி வைத்துப் போலீஸை அழைப்பதும் சட்டவிரோதக் காவல் ஆகிவிடும். சந்தேகம் தவறாகவும் போகலாம். 1909-ல் டார்ஜிலிங்கில் இறந்ததாகச் சொல்லப்பட்ட, வங்காளத்து பவால் ஜமீனின் இரண்டாம் குமாரர், பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து சந்நியாசியாகத் திரும்பி வந்தபோது மனைவி தரப்பே போலி என்றது. 1936-ல் நீதிமன்றம் அவர்தான் என்றது, 1946-ல் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதிசெய்தது.

போலி என்று உறுதியானால், வெறுமனே கர்னல் என்று சொல்லிக்கொண்டு டீ குடித்ததற்கு வழக்கு நிற்காது. இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 204-வது பிரிவு பொது ஊழியர் பதவியில் இருப்பதாக நடிப்பதைத்தான் தண்டிக்கிறது. "ஓய்வுபெற்ற" என்று சேர்த்துச் சொல்வதில் இருக்கும் தந்திரம் அதுதான். பணமோ பொருளோ கையெழுத்தோ வாங்கியிருந்தால் ஆள்மாறாட்ட மோசடிக்கு 319, மோசடிக்கு 318(4), ஒப்படைத்த பொருளைத் திருப்பித் தராவிட்டால் 316, போலி ஆவணம் என்றால் 336 முதலான பிரிவுகள் வரும். 318(4)-க்கு ஏழாண்டு வரை சிறை. 2024 ஜூலை 1-க்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420 பொருந்தும். புகாரில் அவர் நல்லவரா கெட்டவரா என்று எழுத வேண்டாம். எந்தத் தேதியில் என்ன பொய்யைச் சொன்னார், அதை நம்பி என்ன கொடுத்தீர்கள், அந்தப் பொய் பொய்தான் என்று எப்படித் தெரிந்தது என்ற மூன்றையும் வரிசையாக எழுதுங்கள். வங்கிப் பரிமாற்றம் அண்மையில் நடந்து, ஆன்லைன் வழியாகவும் இருந்தால் முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன், பிறகுதான் ஸ்டேஷன். சாட், ஆடியோ எதையும் அழிக்க வேண்டாம், போனையும் மாற்ற வேண்டாம். மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுச் சான்று போட அதே போன் தேவைப்படும். கிளப், ஹோட்டல் சி.சி.டி.வி. பதிவுகள் சில வாரங்களில் மேலெழுதப்பட்டுவிடும், பாதுகாத்துவைக்கச் சொல்லி முதல் நாளே எழுத்தில் கொடுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை மின்னஞ்சலிலும் புகார் தரலாம், ஆனால் மூன்று நாளுக்குள் கையெழுத்து வேண்டும் என்பதால் பெரியப்பா பெயரில் கொடுப்பதே நல்லது. ஸ்டேஷனில் வாங்க மறுத்தால் ஊட்டியில் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்.

ஏமாந்த மற்ற வீடுகள் வாய் திறக்காது, வெட்கம். நீங்கள் முதலில் பின்தொடர்ந்து போன அறிமுக வரிசை இங்கே மறுபடி உதவும். ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாகப் போய், உங்கள் வீட்டில் என்ன போயிற்று என்று நீங்கள் முதலில் சொல்லுங்கள். மூன்று புகார் சேர்ந்தால் வழக்கின் கனமே வேறு.

கையெழுத்து ஏற்கெனவே போட்டுவிட்டார் என்றால் அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதிந்து, நகலை அவருக்கு ஒப்புகையுடன் பதிவுத் தபாலில் அனுப்பி, அவர் பேசியதாகத் தெரிந்த புரோக்கர்களுக்கும் வங்கிக்கும் கொடுங்கள். சாகும்வரை பார்த்துக்கொள்கிறேன் என்ற நிபந்தனையில் எழுதி வாங்கியிருந்தால் 2007 மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23-வது பிரிவில் குன்னூர் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் மூத்த குடிமக்கள் உதவி எண் 14567. பதிவுத்துறையின் டி.என்.ரெஜிநெட் தளத்தில் வில்லங்கம் (சொத்தில் பதிவான பத்திரங்களின் விவரம்) இலவசமாகப் பார்க்க முடியும், அடுத்த ஓராண்டுக்கு மாதம் ஒருமுறை பங்களாவின் சர்வே எண்ணைப் போட்டுப் பாருங்கள்.